தண்ணீர் எண்ணிய மரங்கள்

செப்டம்பர் 28
மழை 11 மி.மீ.

உரக்கடையில் வருடா வருடம் சும்மா கொடுக்கும் டைரி இது. மழைமானியில் விழுந்ததைக் காலை எட்டு மணிக்கு அளந்து இதில் எழுதி, பழப்பண்ணையில் ஆராய்ச்சி வேலை பார்க்கும் கயல்விழிக்குப் போனில் சொல்ல வேண்டும். மேல்மலையில் எங்கள் புலியோடைக்கு அந்தப் பொறுப்பு என்னுடையது. ஒரு வரி எழுதினால் போதும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

ஜூனில் கட்டிய ஒட்டுக் கன்றுகளுக்கு இன்று நாடா அறுத்துவிட்டேன். இருநூறில் பதினொன்று பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் நாற்றுப் பாத்தியை எட்டிப் பார்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். உங்கள் முழங்காலைவிட என் கை திடமாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

அக்டோபர் 4
மழை 118 மி.மீ.

மழைமானிக் குடுவை இரண்டு தரம் நிறைந்தது. எண்ணைச் சொன்னதும் கயல்விழி, சரியாகப் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டாள். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

எட்டரைக்கு ஆக்னஸ் போன் செய்தாள். ரோட்டோர மண் சரிந்து அவளுடைய ஓடைக்காட்டின் வடிகால் வாயை அடைத்துவிட்டதாம். தோட்டம் முழுக்கத் தண்ணீர். போய்ப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் நிற்கிறது. அறுபது பிளம்ஸ் மரமும் குளத்தில் இறங்கிக் குளிக்கிற மாதிரி நின்றன. ஜேசிபி வண்டிகள் எல்லாம் பெரிய ரோட்டில் சரிந்த இடங்களில் நிற்கின்றன. இங்கே வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள்.

ஆக்னஸ் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்த வீட்டை விட்டு, ஒரு பையோடு திரும்பி வந்தவள். என் மாமனார் அவளுக்கென்று ஒதுக்கியது இந்த ஓடைக்காடு. எருமை இறங்கினாலும் யோசித்து இறங்கும் சதுப்பு. தவளைக்குக் கொடுக்க வேண்டிய பங்கு என்று ஊரே சிரித்தது. அதில் பழமரம் வைக்கலாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்.

காரணம் இருந்துதான் சொன்னேன். ஒட்டுக் கட்டிய மரம் என்பது இரண்டு மரம். மேலே காய்ப்பது ஒன்று, கீழே மண்ணைப் பிடித்திருக்கும் வேர் இன்னொன்று. மேல்மலையில் எல்லோரும் காட்டு பீச் கொட்டையை முளைக்கவைத்து, அந்த வேரின் மேல் பிளம்ஸ் குச்சியை ஒட்டுவோம். பீச் வேர் சீக்கிரம் வளரும். ஆனால் அதற்குத் தண்ணீர் நின்றால் ஆகாது. பிளம்ஸிலேயே ஒரு முரட்டு ஜாதி இருக்கிறது. அதன் குச்சியை வேர்விட வைத்து அதன்மேல் ஒட்டினால் சதுப்பிலும் நிற்கும். உனக்கு அறுபதும் அந்த வேரில் கட்டித் தருகிறேன் என்றேன். நம்பி வைத்தாள். நாலு வருடம் ஆகிறது. போன மே மாதம் முதல் காய்ப்பு. முதல் கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

அறுபதும் பிளம்ஸ் வேர். தாங்கும். பயப்பட ஒன்றுமில்லை.

அக்டோபர் 6
மழை 27 மி.மீ.

மண்வெட்டியோடு நானும் போனேன். ஆக்னஸ் காலையிலிருந்தே பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். பாறை. ஒரு சாண் போனதும் மண்வெட்டி டங்கென்று திரும்பி வருகிறது. அவள் பேசவே மாட்டாள், எனக்கும் சேர்த்து மௌனம் காப்பவள். மத்தியானம் வரை வெட்டி ஒரு வாளி தண்ணீர் போகிற அளவுக்கு வழி செய்தோம்.

மரங்கள் பச்சையாகத்தான் நிற்கின்றன. வீட்டுக்கு வரும் வழியில் இவர், என்னத்தை எண்ணிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டார். எண்ணவில்லை, ஜெபம் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 8
மழை 9 மி.மீ.

ஓடைக்காட்டைப் பற்றிக் கயல்விழியிடம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஆர்வம். வளர்ந்த மரத்தில் இப்படித் தண்ணீர் நின்று பார்க்கக் கிடைக்காதாம். தொட்டிச் செடியில்தான் செய்து பார்ப்பார்களாம். தினமும் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னாள். இலையைப் பாருங்கள், அதைவிடத் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் பட்டையைப் பாருங்கள் என்றாள். எந்த வேர் என்று கேட்டாள்.

பிளம்ஸ் என்றேன்.

அக்டோபர் 10
மழை இல்லை.

நல்ல வெயில். நாலு மரத்தில் நுனி இலைகள் துவண்டு தொங்குகின்றன.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வைகாசி வெயிலில் தண்ணீர் காணாத செடி எப்படித் தொங்குமோ அப்படியே தொங்குகிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தில் வாடுகிறது மரம்! கயல்விழிக்குப் போன் செய்து கேட்டேன். வேருக்கும் மூச்சு வேண்டும் அக்கா, மண்ணில் இருக்கிற காற்றைத் தண்ணீர் விரட்டிவிட்டது, மூச்சு முட்டும்போது வேரால் தண்ணீரை இழுக்க முடியாது என்றாள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க முடியவில்லை. முப்பது வருடமாக வேரை வெட்டியும் நட்டும் பிழைக்கிறேன். அது மூச்சு விடுகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. வேரை இருட்டுக்குள் கிடக்கும் கயிறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன்.

நாலும் பக்கம் பக்கமாக இல்லை. ஒன்று மேட்டோரம், ஒன்று ஓடைப் பக்கம், இரண்டு நடுவில். அங்கங்கே இருக்கின்றன.

அக்டோபர் 11
மழை 4 மி.மீ. ஏழு மரம்.

அக்டோபர் 13
மழை இல்லை.

இன்று பார்த்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது.

வாடாத மரம் ஒன்றின் பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் பட்டையைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, மரத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொரித்திருந்தது. அரிசிப்பொரி ஒட்டிவைத்த மாதிரி. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினேன், அங்கேயும் பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டது. பூசணம் பிடித்துவிட்டது, கிழிந்தது போ என்று நினைத்தேன். அங்கேயே நின்று போன் செய்தேன்.

கயல்விழி போனிலேயே சிரித்தாள். "அக்கா, அது மரம் மூச்சு விடுற கண்ணு. பட்டையில எப்பவும் இருக்கிறதுதான், ஊசிமுனை அளவுக்கு. கீழ காத்து இல்லேன்னு தெரிஞ்சதும் அதைப் பெரிசாத் திறந்துக்குது. அந்த வழியாக் காத்தை உள்ள வாங்கி வேருக்கு இறக்குது. இன்னும் ரெண்டு நாள்ல அந்த இடத்துலயே புது வேர் வரும் பாருங்க."

போனை வைத்துவிட்டு அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இந்த மரத்தின் வேரை நான்தான் குச்சியாக வெட்டி மண்ணில் ஊன்றினேன். அதன் தலையைச் சீவி வேறொரு தலையை வைத்ததும் நான்தான். எனக்குத் தெரியாத இப்படி ஒரு வித்தையை அது இத்தனை நாளும் பட்டைக்குள் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. இலை எல்லாம் அசையாமல், கெட்டியாக, வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆக்னஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தொட்டுப் பார்த்தாள். விரலை உடனே எடுத்துவிட்டு, மரத்துக்கு வலிக்குமா மதினி என்று கேட்டாள்.

வாடின மரங்களில் அந்த வெள்ளையைத் தேடினேன். பத்து மரத்திலும் ஒரு பொட்டு இல்லை.

அக்டோபர் 15
மழை 16 மி.மீ.

பன்னிரண்டு. முதலில் வாடிய நாலும் மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிட்டன. எப்படியும் அடுத்த மாதம் உதிர வேண்டிய இலைதானே. தை மாதம் துளிர்த்தாலும் துளிர்க்கும்.

ஆக்னஸ் இன்று நிறையப் பேசினாள். ஒன்பது வருடத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மழைக்கு முந்தியே வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று நினைத்திருந்தாளாம், காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். அவளால்தான் இப்படி ஆனதாம். "எங் கைராசி அப்படி மதினி. தொட்டது எதுவும் நிக்காது. வத்தலக்குண்டுலயும் நிக்கல, இங்கயும் நிக்கல" என்றாள். ஊரில் யாரோ அதைச் சொல்லியும் காட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தலைவலியாக இருந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

அக்டோபர் 17
மழை 2 மி.மீ.

பதினைந்து.

இலை முழுக்க உதிர்ந்த மரம் ஒன்றை நானும் ஆக்னஸும் அசைத்துப் பார்த்தோம். பிடிமானமே இல்லை, சாய்த்ததும் வந்துவிட்டது. வேர்ப்பட்டை அவித்த கிழங்குத் தோல் மாதிரி கையோடு உரிந்தது. அழுகல் நாற்றம் அடிக்கும் என்று மூக்கைப் பொத்தப் போனேன். வேறொரு வாடை, ஆக்னஸும் முகர்ந்து பார்த்தாள். பீச் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பில் ஒரு கசப்பு வாடை வருமே, அது. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் கொட்டை உடைத்தவள் நான்.

கயல்விழியிடம் வாடையை மட்டும் சொன்னேன். அவள் சொன்னது இது. அந்த வேர் தனக்குள்ளே ஒரு கசப்பை ஒளித்து வைத்திருக்கிறது, பூச்சி கடித்தால் விரட்டுவதற்கு. நல்ல காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மூச்சு முட்டி உள்ளுக்குள் உடைய ஆரம்பித்ததும் அந்தக் கசப்பே விஷமாக மாறி வேரையே கொன்றுவிடுகிறது. தண்ணீர் பாதி கொல்கிறது, தான் ஒளித்துவைத்தது மீதி கொல்கிறது.

"பீச் வேர்லதான் இது ஜாஸ்திக்கா. உங்களுது பிளம்ஸ் வேர்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் முழுதாக இருந்தது.

அக்டோபர் 18
மழை இல்லை.

ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து அலமாரியின் மேலிருந்து நாலு வருடத்துக்கு முந்தைய டைரியை எடுத்தேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு பக்கம். என் கையெழுத்து, கொட்டைக் கொட்டையாக இருக்கிறது. "ஆக்னஸ் வந்து கன்று எடுத்துப் போனாள். அறுபதும் பிளம்ஸ் வேர்."

யாரும் படிக்காத டைரி. அதில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சாப்பிட ஆளில்லாத சோற்றில் மறைத்திருக்கிறேன்.

சரி, இந்த டைரியிலாவது எழுதுகிறேன். அந்த வருடம் ஜனவரியில் உறைபனி விழுந்து பிளம்ஸ் வேர்க் குச்சிகள் கருகிவிட்டன. தப்பியது நாற்பத்தொன்று. ஆக்னஸ் அதற்குள் அறுபது குழி தோண்டி, எரு போட்டு ஆறவிட்டிருந்தாள். ஒரு குழிக்கு ஒரு நாள், அறுபது நாள் தோண்டினாள். ஊரே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. பத்தொன்பது குறைகிறது, அடுத்த வருடம் தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளம்ஸ் வேரில்தான் கட்டித் தருவேன் என்று அந்த ஊருக்கு எதிரில் சவால் விட்டவள் நான். எனக்குத் தலை இறக்கம். பீச் வேரில் கட்டிய பத்தொன்பதை எடுத்துச் சேர்த்தேன். மேட்டுப் பக்கமாக நானே நட்டுவிடலாம், அங்கே தண்ணீர் ஏறாது என்று ஒரு கணக்கு இருந்தது. ஆனால் அன்று நாற்றுப் பாத்திக்கு நான் வருவதற்குள் அவளே வந்து எல்லாவற்றையும் கலந்து கூடையில் அடுக்கிக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் நட்டு முடித்துவிட்டாள். கன்றில் தொங்கும் தகட்டில் மேல்மரத்தின் பெயர் மட்டும்தான் போடுவது எங்கள் தொழில் வழக்கம். மண்ணுக்குள் போனபிறகு எது எது என்று எனக்கே தெரியாது.

இப்போது தண்ணீர் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் காட்டுகிறது. இன்று பதினேழு.

அக்டோபர் 19
மழை இல்லை.

பதினெட்டு.

இவர் கடைத்தெருவிலிருந்து செய்தியோடு வந்தார். வியாழக்கிழமை ஜேசிபி வருகிறது. வடிகாலைத் திறந்த கையோடு மரம் எல்லாவற்றையும் பிடுங்கித் தள்ளச் சொல்லிவிட்டாளாம் ஆக்னஸ். உயிரோடு நிற்கிறதையும் சேர்த்து. தைலமரம் வைக்கப் போகிறாளாம். தைலமரத்துக்கு அந்தச் சதுப்பு விருந்துச் சாப்பாடு. ஓடையையே உறிஞ்சிவிடும், அப்புறம் அந்த மண்ணில் வேறு எதுவும் வைக்க முடியாது. தங்கச்சி நொந்துபோயிருக்கிறாள், நாம் குறுக்கே பேச வேண்டாம் என்றார் இவர்.

பத்தொன்பதோடு நிற்கும். நாற்பத்தொன்றும் பிழைக்கும். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 20
மழை 5 மி.மீ.

பத்தொன்பது.

ஆக்னஸிடம் போய், அவசரப்படாதே, இதற்கு மேல் ஒன்றும் வாடாது என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மனதில் படுகிறது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல மதினி. நீங்க நல்ல வேராத்தான் குடுத்தீங்க. எம் மண்ணு அதக் கொன்னுருச்சு" என்றாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கையை விடுவித்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 21
மழை இல்லை.

இருபது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆக்னஸின் கொட்டகைக்குப் பக்கத்து மரம். நேற்றுவரை நன்றாக நின்றது, இன்று மொத்தமாகத் தொங்கிவிட்டது. நான்கு தரம் எண்ணினேன். இருபது. அப்படியானால் பிளம்ஸ் வேரும் போகிறது. நாற்பதும் போகும். நான் வாயைத் திறந்து மானம் போய், மரமும் போனால் என்ன மிச்சம்? வியாழக்கிழமை பிடுங்கிவிட்டால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி எல்லாம் யோசித்தேன். யோசித்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் கால் தானாக ஓடைக்காட்டுக்குப் போயிற்று. ஆக்னஸ் இல்லை. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குனிந்து, உயிரோடு நிற்கிற மரங்களின் அடியைப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பொரிகள் இருந்த இடத்திலிருந்து வேர் விட்டிருக்கிறது! பட்டையைக் கிழித்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாக, நூல் கனத்தில், ஒரு மரத்துக்கு இருபது முப்பது. பழைய வேர்கள் எல்லாம் கீழே மூச்சுக்கு அல்லாடும்போது, காற்று இருக்கிற இடத்தில் புதிதாக வேர் போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறது மரம். பதினேழு நாள் தண்ணீர். நாற்பது மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நாற்பதிலும் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு வண்டியை விட்டுப் பிடுங்கவிட்டால் நான் மனுஷியே இல்லை.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 22
மழை இல்லை.

சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன்னால் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் போய்ச் சேரும்போது ஜேசிபி வந்து இரைந்துகொண்டிருந்தது. ஆக்னஸ் டிரைவருக்கு எந்த மரத்திலிருந்து ஆரம்பிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன மதினி என்றாள். நாலு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை ஊர் கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"மரத்தைப் புடுங்காத ஆக்னஸ். செத்ததுல பத்தொம்பது பீச் வேரு. நான்தான் கட்டுனேன். பிளம்ஸ் வேரு நாப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. ஒங்கிட்ட பொய் சொல்லிக் குடுத்தேன். நிக்கிறது எல்லாம் பிளம்ஸ். அது சாகாது."

டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டான்.

ஆக்னஸ் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் மண்ணத் திட்டுனேன், எங் கையத் திட்டுனேன்" என்றாள். "நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

ஒரு மரத்தடிக்கு அவளைக் கூப்பிட்டு அந்தப் புது வேர்களைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் போய், வடிகாலை மட்டும் திறக்கச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு வாய் திறந்தது. தண்ணீர் போகப் போக மரங்களின் அடி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு வேர்கள் தொங்கின. டிரைவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 23
மழை இல்லை.

கயல்விழியிடமும் உண்மையைச் சொன்னேன். அப்படியானால் பத்தொன்பது மரத்தையும் தண்ணீர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறதே அக்கா என்றாள் அவள். எனக்கு வெட்கமும் பிரமிப்பும் ஒன்றாக வந்தன. இருபதாவது ஏன் போயிற்று என்று அவளுக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 26
மழை 8 மி.மீ. ஆக்னஸ் வரவில்லை.

அக்டோபர் 30
மழை 3 மி.மீ. பேரிக்காய் நாற்றுக்குக் களை எடுத்தேன். ஆக்னஸ் வரவில்லை. நேற்று கோயில் வாசலில் இரண்டு பேர் அவள் கைராசியைப் பேச்சுக்கு இழுத்தார்கள். அந்த மரங்கள் செத்தது என் கையால், அவள் கையால் இல்லை என்று நின்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் முழுக்க இப்போது என் பேச்சுதான். ஆறு கன்று கேட்டிருந்தவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நவம்பர் 3
மழை இல்லை.

காலையில் வாசலில் ஆக்னஸ். கையில் வேரோடு ஒரு மரம். மரத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டு, "இது கொட்டகைப் பக்கத்து மரம். மோந்து பாருங்க" என்றாள்.

கத்தியால் வேரைச் சீவி முகர்ந்தேன். கசப்பு வாடை இல்லை. வேரின் நிறமும் பிளம்ஸ்தான். இது பத்தொன்பதில் சேர்ந்தது இல்லை என்றேன். தெரியும் என்பது போலத் தலையாட்டினாள். பிறகு ஏன் செத்தது என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பன்னிரண்டு நாள் கழித்து என் வாசலுக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

அவள் தோண்டிய இடத்துக்கே போய்ப் பார்த்தோம். மற்ற மரங்களுக்குத் தரை மட்டமாக இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் அடியைச் சுற்றி முழங்காலுக்கும் மேலேயே மண்ணும் சாணமும் குவித்து, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தது. மரத்தை மறுபடி கையில் எடுத்துப் பட்டையைப் பார்த்தேன். வெள்ளைப் பொரி வந்திருக்கிறது. வந்த இடம் முழுக்க மண்ணுக்குள். கண்ணைத் திறந்திருக்கிறது பாவம், திறந்த கண்ணில் சேறு.

யார் மண் அணைத்தது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள். "காத்துல ஆடுச்சு. கொட்டகையில உக்காந்தா இந்த மரம்தான் மொதல்ல கண்ணுக்குத் தெரியும். அதனால இத மட்டும் கூடப் பாத்துக்கிட்டேன்."

அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள்.

"பத்தொம்பது ஒங்களுது மதினி. இது என்னுது."

அதற்கப்புறம்தான் நான் அழுதேன். அவள் அழவில்லை. கொட்டகைக்குள் போய் அடுப்பு மூட்டி இரண்டு டம்ளர் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2
மழை இல்லை.

ஓடைக்காடு பூத்துவிட்டது. நாற்பது மரமும். இலை ஒன்றுகூட இல்லாமல், குச்சி தெரியாமல், வெள்ளையாக. ரோட்டில் போகிற ஜீப் நின்று பார்த்துவிட்டுப் போகிறது. நடுநடுவே இருபது குழி காலியாக இருக்கிறது. அக்டோபரில் வந்த சிவப்பு வேர்களில் பாதி காய்ந்து உதிர்ந்துவிட்டன, மீதி மண்ணுக்குள் இறங்கிவிட்டன. அதன் வேலை முடிந்தது போலிருக்கிறது. போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தத் தடவை குச்சிகளுக்கு மேல் சாக்கு போர்த்தி, பனியில் ஒன்றைக்கூட விடாமல் காப்பாற்றினேன். இருபது கன்று தயார். இன்று ஆக்னஸ் எடுக்க வந்தாள். ஒவ்வொன்றையும் தூக்கி, வேரில் மண்ணைத் தட்டி, கீறி முகர்ந்து பார்த்தாள். என் எதிரிலேயே. இருபதையும். எனக்கு வேண்டியதுதான்.

அலுமினியத் தகட்டில் ஆணியால் பெயர் கீறிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தகட்டை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"பின்னாடி வேர் பேரும் போடுங்க."

எங்கள் தொழிலில் யாரும் அப்படிப் போடுவதில்லை. போட்டேன். இருபதிலும் முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர். முடித்து நிமிர்ந்தால், இடுப்பிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொட்டுகிறாள். தோட்டத்தில் நிற்கும் நாற்பது மரத்தின் பழைய தகடுகள். அதிலும் போட்டேன். முப்பதாவதில் ஆணி மழுங்கிவிட்டது. இவர் எழுந்துபோய், கேட்காமலே வேறு ஆணி எடுத்துக் கொடுத்தார்.

கன்றுகளைக் கூடையில் அடுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் அவள் தனியாகக் கையில் வைத்திருந்தாள். கொட்டகைப் பக்கத்துக் குழிக்காம். அதன் தகட்டை என்னிடம் நீட்டினாள்.

"இதுல மட்டும், மண்ணு அணைக்காதேன்னு எழுதுங்க மதினி."

தகட்டில் இடமே இல்லை. சின்னச் சின்ன எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.